நிமிஷக்கா விட்ட நாற்பத்தாறு வண்டிகள்

எங்கள் பஸ் டிப்போவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. டிரைவர்களுக்கும் கண்டக்டர்களுக்கும், கேன்டீனில் டீ போடுகிறவருக்கும்கூட அவர் நிமிஷக்காதான். எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போகிறது, எத்தனை மணிக்குத் திரும்புகிறது என்று எழுதுகிற டைம் கீப்பர். யாராவது வந்து, "ஒரு நிமிஷம்தான்கா லேட்" என்று தலையைச் சொறிந்தால், "ஒரு நிமிஷம்னா, ஸ்டாப்ல நிக்கிற அறுபது பேருக்கு ஒரு மணி நேரம்பா" என்பார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து லேட் என்று எழுதுவார். முகத்தில் துளி கோபம் இருக்காது. அதுதான் நமக்கு எரிச்சல்.

நான் பதினேழு வருஷம் அங்கே கண்டக்டர். எனக்கு மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு லேட் போட்டிருக்கிறார். ஆகவே அவரைப் புகழ்ந்து எழுத வேண்டும் என்று எனக்கு எந்தத் தலையெழுத்தும் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அது புகழ்ச்சியாகப் போய்விட்டால் என்னைக் குறை சொல்லாதீர்கள்.

டிப்போ வாசலில் அவருடைய அறை. அறை என்றால் இரண்டு பேர் உள்ளே போனால் மூன்றாவது ஆள் வெளியே வர வேண்டிய அளவு. ஒரு ஜன்னல், ஒரு ஸ்டூல், சுவரில் டிப்போவின் கடிகாரம், அதை நம்பாமல் மேஜையில் அவர் வைத்திருக்கும் சொந்தக் கடிகாரம். பின்சுவர் முழுக்க டியூட்டி சார்ட். மறுநாள் யார் எந்த வண்டி என்று தினமும் சாயங்காலம் அதில் எழுதுவார்.

போர் தொடங்கிய மூன்றாம் மாதம் அந்தச் சார்ட்டில் கை வைத்தார்கள். ராணுவ லாரி ஓட்ட ஆள் போதவில்லையாம், டிப்போ டிரைவர்கள் வர வேண்டும் என்று அரசாங்கத்திலிருந்து உத்தரவு. முதல் பட்டியலில் எங்களிடமிருந்து பதினோரு பேர் போனார்கள். இரண்டு பேர் இனி வரமாட்டார்கள் என்று நாற்பதே நாளில் கடிதம் வந்தது. அந்தப் பதினோரு பேரின் வரிகளை நிமிஷக்கா யாருக்கும் கொடுக்கவில்லை. காலியாகவே விட்டுவிட்டு, மற்றவர்களைக் கீழே எழுதினார். சார்ட்டில் இடம் வீணாகிறது என்று மேனேஜர் குறைப்பட்டார்.

"வீணாப் போனது இடம் இல்லங்க சார்" என்றார் நிமிஷக்கா.

பிறகு இரண்டாம் பட்டியல் வந்தது. பத்தொன்பது பேர். ஆறாவது பெயர் அவருடைய தம்பி. ஒன்பதாம் நம்பர் வண்டி ஓட்டுகிறவன், அம்மா இறந்தபிறகு அக்கா கையில் சோறு வாங்கித் தின்று வளர்ந்தவன். அந்தப் பட்டியலுக்குச் சட்டசபை சம்மதிக்க வேண்டும். ஓட்டெடுப்புக்கு மூன்று வாரம் இருந்தது.

மறுநாள் கேன்டீனில் நிமிஷக்கா எழுந்து நின்றார். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவர். ட்ரிப் ஷீட்டைப் படிக்கிற அதே குரலில் சொன்னார்: "ஓட்டெடுப்புக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை, நம்ம டிப்போ வாசல்லேர்ந்து மெயின் ரோடு வழியா சட்டசபை வரைக்கும் நடக்கலாம்னு இருக்கேன். போர் வேண்டாம்னு சொல்லணும். வர்றவங்க வாங்க."

தம்பிக்குத்தான் முதலில் முகம் சிவந்தது. "அக்கா, எனக்காகத்தான் பண்றேன்னு எல்லாரும் சொல்லுவாங்க."

"உனக்காகத்தான். இல்லேன்னு யார் சொன்னா?" என்றார். "மீதி பதினெட்டுப் பேருக்கும் யாராவது அக்கா இருப்பாங்கல்ல, அவங்களும் வருவாங்க."

நான் சிரித்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கேலியாகத்தான் சிரித்தேன். லேட் போடுகிற பேனாவை வைத்துக்கொண்டு போரை நிறுத்தப் போகிறாளாம் என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னேன். அது அவர் காதிலும் விழுந்திருக்கும்.

போலீஸ் அனுமதி தரவில்லை. ஒரு பக்கக் கடிதம். ஊர்வலம் மெயின் ரோட்டில் போனால் போக்குவரத்துக்கு இடையூறு, ஆகவே ஊருக்கு வெளியே பழைய தோல் கிடங்குக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் கூடிப் பேசிவிட்டுக் கலையலாம் என்று எழுதியிருந்தது. அந்த மைதானத்துக்கு எங்கள் பஸ்கூடப் போகாது. அங்கே நின்று கத்தினால் கேட்க ஆள் கிடையாது.

நிமிஷக்காவுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றுதான். மைதானத்தைப் பற்றிக்கூட இல்லை. "இடையூறாம். இருபத்திநாலு வருஷமா இந்த ரோட்டுல இடையூறு இல்லாம வண்டி விடுறவ நான். எனக்குச் சொல்லிக் குடுக்குறாங்க" என்றார். கடிதத்தை நாலாக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

பதினாலாம் நம்பர் பஸ்ஸில் தினமும் கடைசி நொடியில் ஓடிவந்து ஏறுகிற ஒரு வக்கீல் இருந்தார். எங்களுக்கு அவர் பதினாலு வக்கீல். கோர்ட்டில் வழக்குப் போட நிமிஷக்கா அவரைப் பிடித்தார். நிமிஷக்கா வீட்டுச் சமையலறை மேஜையில் ஊர் வரைபடத்தை விரித்து, ஓரம் சுருளாமல் உப்பு ஜாடியையும் ரொட்டிக் கத்தியையும் வைத்து, மூன்று நாள் உட்கார்ந்தார்கள். சாட்சி சொல்ல ஒரு கண்டக்டர் வேண்டும் என்று என்னையும் இழுத்துப் போனார்கள். ஏன் நான் என்று கேட்டேன். "நீங்கதான் எல்லாத்துக்கும் எதிர்க்கேள்வி கேப்பீங்க. அங்க சர்க்கார் வக்கீல் கேக்குறதுக்கு முன்னாடி நீங்க கேட்டுருங்க" என்றார் நிமிஷக்கா.

அங்கேதான் அவர் கணக்கைக் கண்டேன். ஆயிரம் பேரை ஒரே ஊர்வலமாக விட்டால் சிக்னல் அடைபடும், சரி. நாற்பது நாற்பது பேராக விட்டால்? நாற்பது பேர் ஒரு வண்டி. முன்னால் தம்பி மாதிரி ஒரு டிரைவர், பின்னால் விசிலோடு ஒரு கண்டக்டர். ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும், இரண்டு விசில் என்றால் நடக்க வேண்டும். வண்டிக்கு வண்டி நாலு நிமிஷ இடைவெளி. சிவப்பு விழுந்தால் நிற்பது, பச்சை விழுந்தால் போவது. நாற்பது பேர் ஒரு சந்திப்பைக் கடக்க இருபத்தைந்து நொடி. இருபத்தைந்து வண்டிக்கு, அதாவது ஆயிரம் பேருக்கு, நேர அட்டவணையே போட்டு வைத்திருந்தார்.

ஒவ்வொரு வண்டிக்கும் பஸ்ஸுக்கு இருப்பதுபோல ஒரு போர்டு. சேருமிடம் 'அமைதி' என்று எழுதலாமே என்று பதினாலு வக்கீல் ஆசையாகச் சொன்னார்.

"அது எப்ப போய்ச் சேரும்னு எனக்கு நேரம் தெரியாது சார். நேரம் தெரியாத இடத்துக்கு நான் போர்டு போடமாட்டேன்" என்றார் நிமிஷக்கா. 'போர் வேண்டாம்' என்று மேலேயும், 'சட்டசபை' என்று கீழேயும் எழுதச் சொன்னார்.

கோர்ட்டில் சர்க்கார் வக்கீல் நன்றாகவே பேசினார். கூட்டத்துக்குப் பிரேக் கிடையாது, நாற்பது பேர் நிற்பார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று கேட்டார். நீதிபதி வயதான அம்மா, மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். அந்தக் கேள்வியை நிமிஷக்கா பக்கம் திருப்பினார்.

"அவங்க தினமும் என் வண்டியில போறவங்கம்மா. விசில் கேட்டா நிப்பாங்க, பழகிருச்சு" என்றார் நிமிஷக்கா.

நீதிபதி சிரிக்கவில்லை. அட்டவணையை எடுத்து ஒவ்வொரு வரியாக வாசித்தார். பிறகு சொன்னார்: "சாலை வாகனங்களுக்கு மட்டும் போட்டதல்ல. தனக்குப் பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டு நடப்பவருக்கும் அது சொந்தம். கேட்பதற்கு ஆளில்லாத மைதானத்தில் பேசச் சொல்வது அனுமதி ஆகாது."

ஆனால் நிபந்தனைகள் இருந்தன. ஒரு குழுவில் நாற்பது பேருக்கு மேல் கூடாது. மாலை ஆறு மணிக்குள் முடிய வேண்டும். சிவப்பு விளக்கில் ஒரே ஒரு ஆள் கடந்தாலும் மொத்த ஊர்வலத்தையும் போலீஸ் கலைக்கலாம். நிமிஷக்கா நேரப் பதிவேடு எழுதி, மறுநாள் காலை பத்தரைக்குக் கோர்ட்டில் ஒப்படைக்க வேண்டும்.

"அதை நீங்க சொல்லலேன்னாலும் எழுதுவேன்மா" என்றார்.

மேனேஜர் கூப்பிட்டு, வேலை போகும் என்று மிரட்டினார். ஞாயிறு தன் வார லீவு என்றும், லீவில் தான் எந்த ரோட்டில் நடக்கிறேன் என்று டிப்போவுக்குக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை என்றும் சொல்லிவிட்டு நிமிஷக்கா வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கு முதல் வண்டி கிளம்பியது. ஒரு மணி என்றால் ஒரு மணி. நிமிஷக்காவின் வீட்டுக்காரர் தையல்காரர், ஒன்றிலிருந்து இருபத்தைந்து வரை நம்பர் தைத்த துணிகளை ஒவ்வொரு குழுவுக்கும் முன்னால் பிடிக்கக் கொடுத்தார். என்னுடையது பத்தாம் வண்டி. ஒன்று முப்பத்தாறுக்கு இரண்டு விசில் கொடுத்தேன். நாற்பது பேர் நடந்தார்கள். முதல் பட்டியலில் போய் இறந்த இரண்டு டிரைவர்களில் ஒருவரின் மனைவி என் வண்டியில் முதல் வரிசை. கணவரின் டிரைவர் பேட்ஜைப் புடவையில் குத்தியிருந்தார்.

இங்கேதான் நாங்கள் ஒரு தப்புச் செய்தோம். நான் மட்டுமில்லை, எல்லாக் கண்டக்டர்களும் செய்தோம். முதல் பஸ் ஸ்டாப் வந்ததும் என் வாய் தானாக ஒரு விசில் ஊதிவிட்டது. பதினேழு வருஷப் பழக்கம், நான் என்ன செய்வது? நாற்பது பேரும் நின்றார்கள். ஸ்டாப்பில் நின்றிருந்தவர்கள் போர்டைப் படித்தார்கள். ஒரு அம்மா, "சட்டசபைக்கா? நானும் வர்றேன்" என்று கூடையோடு உள்ளே வந்து நின்றுவிட்டார். அவர் பின்னால் இரண்டு பேர். அடுத்த ஸ்டாப்பில் எட்டுப் பேர். என் வண்டியில் ஐம்பத்தொரு தலை. நீதிபதி சொன்னது நாற்பது.

"இறங்குங்க, இறங்குங்க, பின்னாலயே காலியா வருது" என்றேன். வாழ்நாள் முழுக்க ஆயிரம் தடவை சொன்ன பொய்.

தபால் ஆபீஸ் சந்திப்பில் உட்கார்ந்திருந்த நிமிஷக்காவுக்குச் செய்தி போனது. திட்டு விழும் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. ஸ்டாப்பில் நிற்கிறவர்களையெல்லாம் டிப்போ வாசலுக்கு அனுப்புங்கள், நாற்பது சேர்ந்தால் ஸ்பெஷல் வண்டி விடச் சொல்கிறேன் என்று பதில் வந்தது. வீட்டுக்காரர் கையில் இருந்த துணி இருபத்தைந்தோடு தீர்ந்துபோக, வீட்டுக்கு ஓடிப் படுக்கை விரிப்புகளை எடுத்து வந்து கிழித்து, கரியால் நம்பர் எழுதினாராம். அன்றைக்கு மட்டும் பின்னால் நிஜமாகவே காலி வண்டி வந்தது.

மூன்றாவது சிக்னல் தபால் ஆபீஸ் சந்திப்பு. வழியில் இருந்த ஐந்து சிக்னலில் அது ஒன்றைத்தான் கையால் சாவி போட்டு மாற்ற முடியும். அது தெரிந்துதான் நிமிஷக்கா மூன்று நாள் முன்பே, அந்த இடத்தில்தான் உட்காருவேன் என்று சொல்லியிருந்தார். பூட்டிய தபால் ஆபீஸ் படிக்குப் பக்கத்தில் ஸ்டூல், மடியில் பதிவேடு, காலடியில் மேஜைக் கடிகாரம்.

இரண்டு பதினாலுக்கு நாங்கள் போய்ச் சேரும்போது சிவப்பு விழுந்தது. ஒரு விசில். நின்றோம். வழக்கமாக ஒரு நிமிஷத்தில் பச்சை வரும். வரவில்லை. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். குறுக்குச் சாலையில் பச்சை எரிந்துகொண்டே இருந்தது, ஆனால் அதில் ஒரு சைக்கிள்கூட வரவில்லை. காலியாகக் கிடந்த சாலை, எதிரே சிவப்பு, விளக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு போலீஸ் அதிகாரி. பின்னால் பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று என்று வண்டிகள் வந்து இடைவெளி விட்டு நின்றன. எங்களோடு அதே திசையில் வந்த கார்களும் மாட்டிக்கொண்டு ஹாரன் அடித்தன.

எனக்குப் புரிந்துவிட்டது. ஒரே ஒரு ஆள் பொறுமை இழந்து காலை எடுத்து வைக்க வேண்டும், அதற்குத்தான் காத்திருக்கிறார்கள். சந்துக்குள் தடியோடு முப்பது போலீஸ் தயாராக இருந்தார்கள். என் வண்டியில் ஒரு வெல்டர், வாட்டசாட்டமான ஆள், "ஒரு வண்டியும் இல்ல, என்ன மயிருக்கு நிக்கிறோம்" என்று நிறுத்தக் கோட்டைத் தாண்டக் காலைத் தூக்கினார். நான் பின்னாலிருந்து அவர் சட்டையை எட்டிப் பிடித்தேன். சட்டை கிழிந்தது. ஆனால் அவரை நிறுத்தியது என் பிடி இல்லை.

பேட்ஜ் குத்தியிருந்த அந்தப் பெண் திரும்பாமலே சொன்னார்: "எங்க வீட்டுக்காரர் பதினாறு வருஷத்துல ஒரு நாள்கூட சிவப்புல கடந்ததில்ல அண்ணே. நான் நிக்கிறேன். நீங்களும் நில்லுங்க."

வெல்டர் காலைக் கீழே வைத்தார். அப்புறம் யாரும் அசையவில்லை. நான் அழுதுவிட்டேன், விசிலை வாயில் வைத்துக்கொண்டு அழுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

அதிகாரி பொறுக்க முடியாமல் நிமிஷக்காவிடம் வந்தார். எனக்கு எல்லாம் கேட்டது.

"என்ன எழுதுறீங்க?"

"நேரம் சார்."

"சிக்னல் ரிப்பேர். ஆள் வரணும், நேரமாகும். எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொல்லுங்க."

நிமிஷக்கா கடிகாரத்தைப் பார்த்து எழுதினார், எழுதும்போதே உரக்க வாசித்தார்: "ரெண்டு நாப்பத்தி ஒண்ணு. சிக்னல் ரிப்பேர்னு அதிகாரி சொன்னார்." பிறகு நிமிர்ந்தார். "சார், உங்க கையில இருக்கிறது அந்தப் பெட்டியோட சாவிதானே? அதையும் எழுதணும். சட்டையில உங்க நம்பர் வெயில்ல சரியாத் தெரியல, கொஞ்சம் இப்படித் திரும்புறீங்களா? நாளைக்குப் பத்தரைக்கு இதை நீதிபதியம்மா வாசிப்பாங்க. தப்பா எழுதக் கூடாது."

அதிகாரி தன் கையைப் பார்த்தார். சாவி கையிலேயே இருந்தது. அதற்குள் கார்களிலிருந்து இறங்கியவர்களும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். முதலில் எங்களைத் திட்டியவர்கள்தான், இப்போது அவரைப் பிடிபிடி என்று பிடித்தார்கள். அவர் பெட்டிக்கு நடந்து போனார்.

இரண்டு நாற்பத்தைந்துக்குப் பச்சை விழுந்தது. நான் ஊதிய இரண்டு விசிலும் சட்டசபை வரைக்கும் கேட்டிருக்கும். நாற்பது பேரும் கடந்தோம். ஓடவில்லை, நடந்தோம். தேங்கி நின்ற வண்டிகளை ஒட்டிக்கொள்ள விடாமல், நாலு நிமிஷத்துக்கு ஒன்றாக நிமிஷக்கா ஸ்டூலில் இருந்தபடியே கையைக் காட்டி விட்டார். முப்பத்தொரு நிமிஷத் தாமதம், அதைக் கடைசி வண்டி வரைக்கும் ஒரு நிமிஷம் கூடவிடாமல் இழுத்துப் போனார்.

கடைசி வண்டி நாற்பத்தாறு. டிரைவர் அவர் தம்பி. அதில் முப்பத்தொன்பது பேர்தான் இருந்தார்கள். தபால் ஆபீஸ் சந்திப்பில் அவன் ஒரு வரிசையில் இடம் காட்டினான். நிமிஷக்கா பதிவேட்டை மூடி, ஸ்டூலை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு அந்த இடத்தில் போய் நின்றார். ஐந்து முப்பத்தொன்றுக்குச் சட்டசபை வாசலை அடைந்தார்கள். ஆயிரத்து எண்ணூற்று நாற்பது பேர். சிவப்பில் கடந்தவர் ஒருவரும் இல்லை. அங்கே போட்ட கோஷத்தில் எனக்கு மூன்று நாள் குரல் வரவில்லை, பஸ்ஸில் சைகையில்தான் டிக்கெட் கொடுத்தேன்.

திங்கட்கிழமை நீதிபதி பதிவேட்டை முழுக்க வாசித்தார். இடையூறு செய்தது நடந்தவர்கள் இல்லை, சாவி வைத்திருந்தவர் என்று தீர்ப்பில் எழுதினார். இந்த விதமாக நடக்க விரும்பும் யாருக்கும் மெயின் ரோட்டை இனி மறுக்கக் கூடாது என்றும் எழுதினார். பிறகு எத்தனையோ பேர் எத்தனையோ காரணத்துக்கு அப்படி நடந்துவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் டிப்போவிலிருந்துதான் விசில் இரவல் வாங்குவார்கள்.

செவ்வாய்க்கிழமை இரண்டாம் பட்டியல் சட்டசபையில் ஆறு ஓட்டில் தோற்றது. போர் உடனே நிற்கவில்லை, அது இன்னும் ஏழு மாதம் நடந்தது. முதல் பட்டியலில் போன ஒன்பது பேர் அதற்குப் பிறகுதான் திரும்பினார்கள். மற்ற இரண்டு வரிகளும் சார்ட்டில் இன்றும் காலியாகத்தான் இருக்கின்றன. நிமிஷக்காவுக்குப் பிறகு புதிதாக வந்த டைம் கீப்பரும் அவற்றைத் தொடுவதில்லை.

ஆனால் அந்தப் புதன்கிழமைக் காலையை நான் மறக்கமாட்டேன். முதல் நாள் சாயங்காலமே நிமிஷக்கா சார்ட்டில் தம்பி பெயரை எழுதிவிட்டார்: ஒன்பதாம் நம்பர் வண்டி, ஐந்து நாற்பது. டிப்போவே வாசலில் நின்றது, கைதட்ட. ஐந்து நாற்பது ஆனது. தம்பியைக் காணோம். நிமிஷக்கா ஜன்னலில் முகம் வைத்துக் கேட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடிவந்தான். வழியெல்லாம் ஆளாளுக்கு நிறுத்திக் கட்டிப்பிடித்தார்களாம்.

"ஒரு நிமிஷம்தான்கா லேட்" என்றான்.

நிமிஷக்கா அவனை நன்றாகப் பார்த்தார். கண் தளும்பியிருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. மேஜைக் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, அவன் பெயருக்கு நேராக நிதானமாக எழுதினார்: லேட்.